அக்காவுக்கு ஒரு காதல் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் நிதானமாகப் படியுங்கள். கண் வலிப்பவர்கள் வீட்டில் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். பதிவே அதைப் பற்றியதுதான்.

நம் வீடுகளில் கண் மங்கிப்போன பெரியவர்களுக்குப் போனில் என்ன போட்டுக் கொடுக்கிறோம்? காலையில் சுப்ரபாதம், கந்த சஷ்டி கவசம். பத்து மணிக்கு மேல் ஒரு சொற்பொழிவு. மதியம் மூட்டு வலிக்கு முடக்கத்தான், சர்க்கரைக்கு ஆவாரம்பூ. விளக்கு வைத்த பிறகு மறுபடி பக்திப் பாட்டு. எழுபது வயதைத் தாண்டிவிட்டால் ஒரு மனுஷிக்குச் சாமியும் வியாதியும் மட்டும் போதும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அவர்களைக் கேட்பதில்லை.

என்னோடு வேலை பார்த்த மூத்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறேன். எனக்குப் பத்து வயது மூத்தவர். கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. இதில் ஓரப் பார்வைதான் முதலில் குறையும், அதனால் பலருக்கும் தெரியாமலே போய்க்கொண்டிருக்கும். போன பார்வை திரும்பி வராது. மருந்து, அறுவை எல்லாம் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான். (நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடி மாற்றப் போகும்போது கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வாத்தியார் புத்தி, இடையில் பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை.)

அக்காவிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் உண்டு. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, படங்களோடு பைண்டு செய்து வைத்திருப்பார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான். பார்வை குறையத் தொடங்கியதும் அவர் வீட்டுக்காரர், நாங்கள் அண்ணன் என்போம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதிலிருந்து படித்துக் காட்டுவார். மின்வாரியத்தில் இருந்தவர், படிப்பில் பெரிய ஆர்வம் கிடையாது. அக்காவுக்காகப் படித்தார். இரண்டு வருடம் முன்னால் அவர் காலமாகிவிட்டார். அக்கா இப்போது வெள்ளிமலையில் மகனோடு இருக்கிறார். பெட்டியும் கூடவே போய்விட்டது, திறப்பதற்குத்தான் ஆள் இல்லை.

பார்க்கப் போயிருந்தேன். மருமகள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஏம்மா, இந்தப் போன்ல கதையெல்லாம் படிக்கிறாங்களாமே. எனக்கு ஒண்ணு போட்டுக் குடேன். சாமிக் கதை வேணாம், போதும். காதல் கதையா இருக்கணும். அதுவும் நடக்காத கதையா இருக்கணும். மாயம், தேவதை, அந்த மாதிரி. நடக்கிற கதையெல்லாம் நடந்து முடிஞ்சிடுச்சு."

"சரிக்கா" என்றேன்.

"மருமவகிட்ட சொல்ல வெக்கமா இருக்கு. நீ பாத்துச் செய்."

ஒரு ஆசிரியையிடம் இன்னொரு ஆசிரியை ஒப்படைத்த வேலை. லேசாக எடுத்துக்கொள்ள முடியுமா? முதல் கதை பிடிக்கவில்லை என்றால் அக்கா இரண்டாவது கேட்கமாட்டார். "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று சுப்ரபாதத்துக்கே திரும்பிவிடுவார். அவர் சுபாவம் எனக்குத் தெரியும்.

பேத்தியிடம் கேட்டேன். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். "பாட்டி, இதுக்குப் பேரு ரொமான்டஸி. இப்ப உலகமே இதைத்தான் படிக்குது" என்றாள். ரொமான்ஸ், ஃபேன்டசி இரண்டையும் சேர்த்து ஒட்டிய சொல்லாம். சாரா ஜே. மாஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் தேவதைகள் உலகத்துக் காதல் கதை 2015-லும், ரெபெக்கா யாரோஸ் எழுதிய டிராகன் ஓட்டும் பள்ளிக்கூடத்துக் காதல் கதை 2023-லும் வந்ததாம். அவள் விடுதியில் துணி மடித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்கிறாள். பள்ளிக்கூடம், அங்கே டிராகன், நடுவில் காதல். வருகைப் பதிவேடு எப்படி எடுப்பார்களோ தெரியவில்லை.

அவளிடம் சொன்னேன், இது ஒன்றும் நமக்குப் புதிது இல்லையடி என்று. தமயந்திக்குத் தூது போனது ஒரு அன்னப் பறவை. சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளன் உருவத்திலேயே வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். கண் இமைப்பதையும் கால் தரையில் படுவதையும் வைத்து அவள் தன் ஆளைக் கண்டுபிடித்தாள். இதைவிடப் பெரிய ரொமான்டஸி வேண்டுமா? நம் மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகம் இருக்கிறது. களப்பலிக்குப் போகும் அரவானுக்கு ஒரே ஒரு இரவு மனைவியாகக் கண்ணனே மோகினி வடிவம் எடுத்து வந்த கதை. சித்திரையில் எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் வந்து கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிறார்களே, அந்த அழுகையைக் காதால் கேட்டவர்கள் யாரும் காதல் கதை என்றால் சும்மா விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள்.

கதையைக் காதால் கேட்பதும் நமக்குப் பழக்கம்தான். பெரிய எழுத்துப் புத்தகங்கள் என்று சந்தையில் விற்கும். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை எல்லாம். எழுத்து தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிக்க, தெருவே கேட்கும். அதே கதைகள் தெருக்கூத்தில் விடிய விடிய நடக்கும். திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. அதில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் வரும் காலத்தில் சினிமாவையே நாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்கள். வெளிநாட்டுக் கதையும் இப்படித்தான். முதல் உலகப் போரில் கண் இழந்த வீரர்களை மனதில் வைத்துத் தொடங்கிய முயற்சி, 1935-ல் பிரிட்டனில் பேசும் புத்தகங்களாக இசைத்தட்டில் வந்தது. முதலில் வந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் கொலைக் கதையும் ஒன்று. கண் போனவர்களுக்கும் கொலைக் கதை வேண்டும் என்று அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

சரி, அக்காவுக்கு எதைக் கொடுப்பது?

அல்லி கதையை முதலில் நினைத்தேன். அல்லி மதுரையை ஆண்ட ராணி, ஆண்களையே அண்டவிடாதவள். அர்ச்சுனன் பாம்பு உருவில் அவள் படுக்கைக்குப் போய், அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். கூத்தில் இந்த இடத்தில் சிரிப்பு பறக்கும். எனக்கு இது பிடிக்காது. தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுவது எந்த ஊர்க் காதல்? அந்தக் காலத்துக் கதை, இருக்கட்டும். அக்காவுக்கு நான் எடுத்துக் கொடுக்கும் முதல் கதை அதுவாக இருக்க வேண்டாம்.

நளன் கதை அக்கா பிள்ளைகளுக்கே சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. பொன்னியின் செல்வனைச் சொல்லாதவர்கள் இல்லை. யூடியூபில் தேடினால் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். ஆனால் அது 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த ஐந்து பாகக் கதை. கேட்டு முடிக்க மாதக் கணக்கில் ஆகும். அக்காவுக்கோ அதில் எந்த அத்தியாயத்தில் எது என்று தலைகீழாகத் தெரியும். அதில் காதல் உண்டு, மாயம் கிடையாது. படிக்கிறவர் ஒரு வரி விட்டாலும் அக்கா கண்டுபிடித்துவிடுவார், கதை கேட்கமாட்டார், விடைத்தாள் திருத்துவார்.

சாண்டில்யனைப் பற்றி யோசிக்காமல் இல்லை. கடல் புறாவும் யவன ராணியும் அக்காவின் பெட்டியிலேயே இருக்கின்றன. கல்லூரிப் பருவத்துப் பிள்ளைகள் ஒளித்து வைத்துப் படித்த காலத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நாயகியின் வர்ணனை தொடங்கினால் இரண்டு பக்கம் போகும். கண்ணால் படிக்கும்போது அது நமக்கும் புத்தகத்துக்கும் நடுவில். ஸ்பீக்கரில் போட்டால்? கூடத்தில் மகன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். எழுத்தில் படிப்பதற்கும் சத்தமாகக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை அப்போதுதான் நன்றாக உணர்ந்தேன்.

புதுமைப்பித்தன் பெரிய எழுத்தாளர், காஞ்சனை அற்புதமான கதை. ஆனால் கணவனை இழந்து தனியறையில் படுக்கும் ஒருவருக்கு ராத்திரியில் காஞ்சனையைப் போட்டுக் கொடுப்பது பாவம்.

இன்னொரு வகை இருக்கிறது. கேட்பதற்கென்றே எழுதப்படும் தொடர்கள். இறந்துபோன காதலி மறுபிறவி எடுத்து வருவாள், பணக்காரன் ஓநாயாக மாறுவான். சில செயலிகளில் இப்படி நூற்றுக்கணக்கான பகுதிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு பகுதியும் பத்து நிமிடம். கதவு திறக்கும், அய்யோ என்று ஒரு குரல், முடிந்தது. அடுத்த பகுதிக்குக் காத்திருக்க வேண்டும், இல்லை காசு கட்டித் திறக்க வேண்டும். இதைக் குறை சொல்ல எனக்கு மனசு இல்லை. வாரப் பத்திரிகையில் தொடரும் போட்டு நம்மைக் காக்க வைத்ததும் இதே வித்தைதான். ஆனால் கல்கிக்கு ஒரு முடிவு தெரியும். இதில் பல கதைகளுக்கு முடிவு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. எழுபத்தைந்து வயதில் ஒருவர் கேட்கும் முதல் கதைக்கு முடிவு வேண்டும், அதுவும் கைக்கு எட்டும் தூரத்தில்.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் கல்கியின் இரண்டு சின்ன நாவல்கள் நின்றன. சோலைமலை இளவரசி, மோகினித் தீவு.

சோலைமலை இளவரசியில் 1942 போராட்டத்தில் போலீசிடமிருந்து தப்பி ஓடும் ஓர் இளைஞன் பாழடைந்த மலைக்கோட்டையில் ஒளிகிறான். அங்கே அவனுக்கு நூறு வருடம் முந்தைய வாழ்க்கை தெரிகிறது. அப்போது அவன் ராஜா, அவளோ எதிரி வீட்டு இளவரசி. மலை, காடு, இடிந்த கோட்டை எல்லாம் வெள்ளிமலையில் உட்கார்ந்து கேட்க ரொம்பப் பொருத்தம். ஆனால் முடிவு நெஞ்சைப் பிசைந்துவிடும். இரண்டு வருடமாகத் தொண்டையில் ஒன்றை அடக்கி வைத்திருப்பவருக்கு முதல் கதையே இதுவா? தள்ளி வைத்தேன்.

மோகினித் தீவைப் பலருக்குத் தெரியாது. கல்கியின் பெரிய நாவல்களின் நிழலில் ஒதுங்கிப் போனது. கதை ஒரு சினிமாக் கொட்டகையில் தொடங்குகிறது. பழைய நண்பர் ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்கிறார். 1942-ல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து கப்பலில் வந்தபோது வழியில் ஒரு தீவு. யாரும் இல்லாத தீவில் சிற்பங்களும் பாழடைந்த கட்டடங்களும். நிலா வெளிச்சத்தில் ஒரு ஆணும் பெண்ணும். அவர்கள் சோழ இளவரசனும் பாண்டிய இளவரசியும் காதலித்த கதையைச் சொல்கிறார்கள். இதில் சுவை என்னவென்றால் ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்கிட்டு, இல்லை, அப்படியில்லை, நான் சொல்கிறேன் என்று மாற்றி மாற்றிச் சொல்வதுதான். இதற்கு மேல் சொன்னால் கதை கெட்டுவிடும்.

கல்கி நமக்குச் சொல்கிறார், கல்கிக்கு நண்பர் சொல்கிறார், நண்பருக்கு அந்த ஜோடி சொல்கிறது. காகிதத்தில் அச்சானாலும் உள்ளுக்குள் முழுக்க வாயால் சொன்ன கதை. இரண்டு மூன்று மாலையில் முடிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. அக்காவின் மாமனார் ரங்கூனிலிருந்து வந்தவர். அந்த ஊர்ப் பெயர் அவர்கள் வீட்டில் அடிக்கடி புழங்கும்.

கதை கிடைத்துவிட்டது. பாதி வேலைதான் முடிந்தது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது, யார் வேண்டுமானாலும் படித்துப் பதிவு செய்யலாம். எனவே ஒரே கதைக்குப் பல குரல். இதில் எந்தக் குரல்?

இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தபோது கதை சொல்லல் பற்றி வகுப்பு எடுத்தார்கள். ஆனால் நான் அதைக் கற்றது கல்வராயன் மலையில். எண்பதுகளில் மலைப் பள்ளி ஒன்றில் வேலை. அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். பிறகு 1993-ல் விழுப்புரம், 2019-ல் கள்ளக்குறிச்சி. உட்கார்ந்த இடத்திலேயே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டேன். மலை 1976 வரை ஜாகிர்தார்கள் வசம் இருந்தது, பாதையும் பள்ளியும் எல்லாமே தாமதம். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் (கேரளம் என்று நினைக்காதீர்கள், மலையில் வாழ்வதால் அந்தப் பெயர்). ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அறை. நான்காம் வகுப்புக்குக் கணக்கு கொடுத்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்குக் கதை சொன்னால், நான்காம் வகுப்பு கணக்கை மூடிவிட்டுக் கதைக்குக் காது கொடுக்கும்.

பல பிள்ளைகள் வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது. ஆனால் அந்தக் காதுகள்! நான் சொன்ன கதையை மறுநாள் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் அப்படியே திருப்பிச் சொன்னாள். எந்த இடத்தில் இருமினேனோ அந்த இடத்தில் அவளும் இருமினாள். கதையின் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறாள். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், கேட்பவர்களுக்குக் குரலும் கதையும் வேறு வேறு இல்லை.

எனவே ஒவ்வொரு குரலையும் ஐந்து நிமிடம், வேறு வேலை எதுவும் செய்யாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் ழகரம். வாழை வாளையானால் எனக்கே கதை ஓடாது, அக்காவுக்கு எப்படி ஓடும்? அடுத்தது பின்னணி இசை. சிலர் கடல் அலை, புல்லாங்குழல், குதிரைக் குளம்பு என்று நிரப்பிவிடுகிறார்கள். வயதான காதுக்குச் சத்தத்துக்குள் சத்தத்தைப் பிரிப்பது கஷ்டம். இசை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பேசுகிறவர் மாறும்போது பெயர் சொல்லாமலே தெரிய வேண்டும். அதற்காகப் பெண் பேசும் இடத்தில் ஆண் குரல் கீச்சென்று நடிக்கவும் கூடாது. கொஞ்சம் மென்மையானால் போதும். பிறகு, வாக்கிய முடிவில் மூச்சு. அவசரக்காரர்கள் முற்றுப்புள்ளியை விழுங்கிவிடுகிறார்கள். காதல் கதையில் அந்த ஒரு நொடி மௌனம் இல்லாவிட்டால் என்ன இருக்கிறது?

இயந்திரக் குரல்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. தலைப்பில் சொல்லமாட்டார்கள், கேட்டால் தெரியும். நம் எழுத்தில் பாவம் என்று எழுதினால் அது இரக்கப்படும் பாவமாகவும் இருக்கலாம், முகத்தில் காட்டும் பாவமாகவும் இருக்கலாம். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு குரலில் இளவரசியின் முகபாவத்தை இயந்திரம் இரக்கப்பட்டுப் படித்தது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். செய்தி வாசிக்க அது போதும். இரண்டு பேர் மாறி மாறிச் சீண்டிக்கொள்ளும் கதைக்குப் போதாது.

கடைசியில் ஒரு பெண் குரலைத் தேர்ந்தெடுத்தேன். இதில் ஒரு கணக்கு இருந்தது. ஆண் குரலில் இன்னும் நன்றாகப் படித்த ஒன்று இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஆண் குரல் கதை படிப்பது அக்காவுக்கு யாரை நினைவுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க நான் யார்?

மலையில் சிக்னல் வரும், போகும். அதனால் கீழே இருக்கும்போதே அக்காவின் போனை வாங்கி, செயலிக்குள்ளேயே ஆஃப்லைனில் சேமித்து வைத்தேன். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். தூங்கிவிட்டால் கதை தானாக ஓடிக்கொண்டே போகாமல் அரை மணி நேரத்தில் நிற்கும்படி டைமர் வைத்தேன். தொட்ட இடத்தைப் பேசிச் சொல்லும் டாக்பேக் என்ற வசதி ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு, தமிழிலும் பேசும். பழக ஒரு வாரம் ஆகும். அதுவரை மருமகள்தான் அமுக்கித் தர வேண்டும். ஆக, ரகசியம் என்பது நடக்காது.

மருமகளிடம் நானே சொன்னேன். "அத்தைக்குக் காதல் கதை கேக்கணுமாம்" என்று. அந்தப் பெண் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே, நான் என்ன அடிக்கவா போறேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

முதல் நாள் நான் கூட இருந்தேன். சினிமாக் கொட்டகைப் பகுதியில் அக்கா சும்மா இருந்தார். பர்மா, கப்பல் என்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிறுத்து, நிறுத்து. மறுபடி போடு" என்றார். பிறகு தீவு வந்தது, நிலா வந்தது. அந்த ஜோடி ஒருவர் பேச்சை ஒருவர் வெட்ட ஆரம்பித்ததும் அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இவரும் இப்பிடித்தான், நான் ஒண்ணு சொன்னா இல்லம்பாரு" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. மருமகள் நிறுத்தப் போனாள். அக்கா கையை அசைத்து வேண்டாம் என்றுவிட்டார்.

நான் கடைசிப் பேருந்தைப் பிடித்துக் கீழே இறங்கிவிட்டேன். கோமுகி அணை தாண்டி கச்சிராயபாளையம் வரும்போது போன் வந்தது. மருமகள்தான். அரை மணி டைமரில் கதை நின்றுவிட்டதாம். "அத்தை தூங்கலை, டீச்சர். முழுசாக் கேட்டுட்டுத்தான் படுப்பேங்கிறாங்க. டைமரை எப்படி எடுக்கிறது?" என்று கேட்டாள். பேருந்து இரைச்சலில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. பக்கத்து வீட்டு அம்மாக்கள் இருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சாமை புடைக்க வரும்போது அக்கா அவர்களுக்கு மோகினித் தீவைச் சொல்கிறாராம். முடிவைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார் என்று மருமகள் புகார். போகட்டும், கதை சொல்கிறவருக்கு அந்த உரிமை உண்டு.

அடுத்து சோலைமலை இளவரசியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அழுகை வந்தாலும் பரவாயில்லை என்று அவரே சொல்லிவிட்டார். பின்னணி இசை இல்லாத, நிதானமான, ழகரம் சரியாக வரும் மனிதக் குரலில் யாராவது கேட்டிருந்தால் சொல்லுங்கள். ஆண் குரலாக இருந்தாலும் சரி. அதையும் அக்காவே சொன்னார்.